பெயரைச் சொல்லிவிட்டு வா

டல்ஹார்ட், டெக்சாஸ்
9 பிப்ரவரி 1997

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா ரேலினுக்கு,

இதனால் டெக்சாஸ் மாநிலத்தின் சகல மக்களுக்கும், கால்நடைகளுக்கும், குறிப்பாக உனக்கும் அறிவிப்பது யாதெனில்: சென்ற வியாழக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, குளியலறைக் கண்ணாடி முன்னிலையில், உன் தம்பி டில்லனுக்கு முடிசூட்டு விழா இனிதே நடந்தேறியது. மேலுதட்டில் மொத்தம் ஒன்பது முடி. இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் நான்கு. விழாவுக்கு வந்த அப்பா பூதக்கண்ணாடி கேட்டார். அம்மா, ஏதோ கரி ஒட்டியிருக்கிறது என்று ஈரத்துணியோடு துடைக்க வந்துவிட்டாள். மன்னர் தப்பி ஓடினார்.

இங்கே மூவரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பனி என்றது, பெய்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது காரில் உட்கார்ந்து கடலை வெண்ணெய் ரொட்டியை மட்டும் கடிக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. "வேல அதிகமா இருக்கும்" என்று அம்மாவே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணை அழுத்துகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். டாக்டர்களின் மருந்துச் சீட்டையே படிக்கும் நர்ஸ் நீ. என் கையெழுத்து உனக்கு அச்சுப்புத்தகம் மாதிரி.

என் சாதனை நிலவரம்: இந்தப் பள்ளி ஆண்டில் நான் ஒளிந்திருந்து குதித்து அலற வைத்தவர்கள் பதினேழு பேர். அம்மா மட்டும் நான்கு தடவை. தபால்காரர் ஒரு தடவை. அன்று நம் தெருவுக்கே கடிதங்கள் பறந்து வந்தன. என்னை அலற வைத்தவர் இதுவரை பூஜ்யம். எனக்குள் ஓடுவது நரம்பு இல்லை அக்கா, வேலிக்கம்பி. பட்டியலில் பாக்கி நீ ஒருத்திதான்.

அம்மாவின் முத்தம் ஒன்று, அப்பாவின் தலையாட்டல் ஒன்று இத்துடன்.

உன் மன்னன்,
டில்லன்


ஆல்பைன்
24 பிப்ரவரி

ஒன்பது முடி வேந்தருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை என் நோயாளி லெட்டி அம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். தொண்ணூற்றொரு வயது. சிரித்துச் சிரித்து ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இனிமேல் மருந்து கொடுத்த பிறகுதான் உன்னைக் கொடுப்பேன்.

நான் நலமாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். நன்றாகச் சாப்பிடுகிறேன். போன் கெட்டுப்போயிருக்கிறது. சரி செய்ய ஆள் வரவேண்டும். அதுவரை கடிதமே போதும்.

ஒரு விஷயம். இதை அப்பாவிடம் மட்டும் சொல். அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். நான் ஒரு சின்ன ரிவால்வர் வாங்கியிருக்கிறேன். ஐந்து தோட்டா. இப்போதைக்குப் பூட்டுப்பெட்டியில் தூங்குகிறது. அடுத்த மாதம் மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்துக்கு வகுப்பு. அப்பாவிடம் கேள்: கைப்பையில் வைப்பது நல்லதா, இடுப்பிலா? ஏன் என்று கேட்டால், ஒரு நாளைக்கு நூற்றிருபது மைல் தனியாக ஓட்டுகிறாள், சாலை நீளம் என்று சொல்.

தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயா?

அன்புடன்,
ரேலின்


டல்ஹார்ட்
3 மார்ச்

அன்பு அக்கா,

இங்கே எல்லோரும் நலம். மீசை பதினொன்று.

உன் தூதை நிறைவேற்றினேன். அப்பா கொட்டகையில் ஒரு காற்றாலைப் பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அப்பா, அக்கா துப்பாக்கி வாங்கியிருக்காளாம்."

"என்ன துப்பாக்கி?"

"ரிவால்வர். அஞ்சு தோட்டா."

"எதுக்காம்?"

"ரோடு ரொம்ப நீளமாம்."

அப்பா ஒரு வால்வைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "ரோடு போன வருஷமும் இதே நீளந்தான்டா" என்றார். அப்புறம், "கார்லண்ட் இப்ப எங்க வேல பாக்கிறான்?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது அக்கா. தெரியவேண்டியது ஏதாவது உண்டா? அத்தான் (மன்னிக்கவும், முன்னாள் அத்தான்) விவாகரத்துக்குப் பிறகு ஹூஸ்டன் பக்கம் போய்விட்டார் என்றுதானே நீ சொன்னாய்.

இனி அப்பாவின் தீர்ப்பு: "பையில வேணாம்னு சொல்லு. பைய எங்கயாவது வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவா. எவ வீட்டுப் புள்ளையாவது மிட்டாய் இருக்கும்னு உள்ள கைய விடும். இடுப்புல, கெட்டித் தோல் உறையில, விசை வெளிய தெரியாத மாதிரி." சொன்ன கையோடு எழுந்து சேணம் தைக்கும் கடைக்குப் போய்விட்டார். பம்பு பிரித்தபடியே கிடக்கிறது. பத்து நாளில் உனக்கு உறை வந்து சேரும்.

யோசித்துப் பார்த்தால் கடிதத்துக்கும் உறை, துப்பாக்கிக்கும் உறை. இரண்டிலிருந்தும் யோசிக்காமல் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. இந்தப் பொன்மொழிக்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவன் சொல்கிறேன். சந்தேகம் எதுவானாலும் கேள். கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதே, விழட்டும். பிடிக்கும்போதுதான் விரல் விசைக்குள் போகும். தோட்டாவைப் போட்டுப் போட்டு எடுக்காதே. கழற்றுவதானால் உறையோடு கழற்று.

தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு எட்டு தள்ளி நின்று ஏற்றுக்கொண்டார்.

உன் ஆயுத ஆலோசகன்,
டில்லன்


ஆல்பைன்
2 ஏப்ரல்

அன்பு டில்லன்,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உறை வந்தது. உள்பக்கம் அப்பா என் பெயரின் முதல் எழுத்தைச் சுட்டுப் பொறித்திருக்கிறார். வெளியே தெரியாது. கழற்றும்போது எனக்கு மட்டும் தெரியும். அவரிடம் சொல்.

அம்மாவின் முதுகுவலி எப்படி? நான் நலம்.

வகுப்பு முடிந்தது. பன்னிரண்டு பேர், ஐம்பது தோட்டா, தேறிவிட்டேன். நடத்தியவள் ஹெஸ்டர் என்கிற ஓய்வுபெற்ற ஷெரிஃப் உதவியாளர். ஒருவர் துப்பாக்கியை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க விரல் இப்ப எங்க இருக்கு?"

"சும்மாதான் மேடம். உள்ள ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத துப்பாக்கியால செத்தவங்க மூணு பேர நான் தூக்கியிருக்கேன். விரல நீட்டுங்க."

அவர் அதன்பிறகு கதையே சொல்லவில்லை. சுடுவதென்று முடிவு செய்கிற வரைக்கும் விரல் வெளியே, பக்கவாட்டில் நீளமாக. எதிரே நிற்பது யாரென்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் துப்பாக்கிக் குழாய் யார் பக்கமும் எழும்பக் கூடாது. முதலில் குரல், பிறகுதான் கை. காரை விட்டு இறங்கி வீட்டு வாசல் வரை நடக்கிற நடையை, எல்லாத் தோட்டாவையும் வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு இருபது தடவை பழகுகிறேன். உறைக்குள் திரும்ப வைக்கும்போது மெதுவாக, பார்த்துப் பார்த்து. அவசரத்தில் சட்டை நுனி உள்ளே மாட்டினால் அதுவே விசையை அழுத்திவிடுமாம்.

இவை தவிர, யாரும் சொல்லாத தொல்லைகள் நிறைய இருக்கின்றன. பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில் அதை எங்கே வைப்பது? எங்கும் வைக்கக் கூடாது, உறையோடு மடியிலேயே. கதவுக் கொக்கியில் மாட்டி மறந்துபோனவர்கள் கதையை ஹெஸ்டர் ஒரு மணி நேரம் சொன்னாள். நோயாளி வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. கார் இருக்கைக்கு அடியில் இரும்புப் பெட்டி ஒன்றைத் திருகி வைத்திருக்கிறேன், அதற்குள். லெட்டி அம்மாள் என்னைக் கட்டிக்கொள்வாள். மறந்துபோய் ஒரு நாள் அதோடு உள்ளே போய்விட்டேன். "இடுப்புல என்னடி கட்டி, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றாள்.

கார்லண்ட் ஹூஸ்டனில் இல்லை. மளிகைக் கடை வாசலில் இரண்டு தடவை பார்த்தேன். பேசவில்லை, வெறுமனே நின்றான். நீதிமன்றத்தில் தடையாணை வாங்கிவிட்டேன். இருநூறு கஜத்துக்குள் வரக்கூடாது. தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. போனுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

அன்புடன்,
ரேலின்


டல்ஹார்ட்
9 ஏப்ரல்

அன்பு அக்கா,

நலம், நலம், நலம், ஆளுக்கு ஒன்று.

நீ தனக்கென்று எழுதிய கடிதத்தை அம்மா படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த வெள்ளைக் குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் நின்றாள். "சின்னதுல ஜூலை நாலாந்தேதி பட்டாசுக்கே என் பாவாடைக்குள்ள ஒளிஞ்சுக்குவாளே" என்றாள். அவ்வளவுதான். பிறகு கரிந்த குழம்பை எங்கள் தட்டில் ஊற்றினாள். அப்பாவும் நானும் மூச்சு விடாமல் சாப்பிட்டோம்.

உன் போன் கெட்டுப்போகவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். இரண்டு மாதமா ஆள் வராமல் இருப்பான்? அவர்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசாமல் இருக்கிறார்? நீயே பிடுங்கிவிட்டாய், இல்லையா? அம்மாவிடம் சொல்லவில்லை. நான் ரகசியத்தில் கிணறு. கல்லைப் போட்டால் சத்தம் வர ஒரு வாரம் ஆகும்.

கார்லண்ட் விஷயத்தை என்னிடம் விட்டுவிடு. அந்த ஆள் முன்னால் நான் ஒரு தடவை நின்றால் போதும். இமைக்கவே மாட்டேன். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், டில்லன் இமைக்கிறவன் இல்லை.

ஜூன் முதல் வாரம் விடுமுறை. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அறிவிக்கப்போவதில்லை. அரச ரகசியம்.

உன் மெய்க்காப்பாளன்,
டில்லன்


ஆல்பைன்
14 மே

டில்லன்,

நான் நலம். நீங்கள் நலமா?

மழை இல்லை. லெட்டி அம்மாளை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இந்த மாதம் வேறு எதுவும் எழுத நேரமில்லை.

ஒன்று மட்டும். நீ என்ன திட்டம் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் எழுதும்வரை வராதே. வந்தேதான் ஆகவேண்டுமென்றால் தேதியை முன்னாலேயே எழுது. வேலிக்கதவில் நின்று, பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வா. விளையாடாதே. இதை நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

ரேலின்


ஆல்பைன்
12 ஜூன்

அன்பு டில்லன்,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் தூங்கினாயா? கட்டிக்கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டாயா?

சனிக்கிழமை நடந்ததை நாம் பேசவே இல்லை. நீ இருந்த அந்த ஒரு நாள் முழுக்க முட்டை பொரித்தோம், சீட்டு விளையாடினோம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் போனபிறகு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம்.

மே மாதம் நான் எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். கார்லண்ட் ஒரு மாலை என் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தான். நான் காரிலிருந்து இறங்கவில்லை. அப்படியே திருப்பி ஓட்டிப் போய்விட்டேன். அதே தொட்டி, டில்லன். நீ அதே தொட்டிக்குப் பின்னாலிருந்து, தலையில் தீவனச் சாக்கை மாட்டிக்கொண்டு குதித்தாய்.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: சரளைக்கல்லில் ஏதோ அரைபட்ட சத்தம். சாக்கு. அப்புறம் நீ. நடுவில் ஒன்றுமே இல்லை, யாரோ கத்தரித்து எடுத்த மாதிரி. நீ தெரிந்தபோது ரிவால்வர் உறைக்குள் இருந்தது. ஆனால் அது வெளியே வந்து போனது என் கைக்குத் தெரியும்.

நீ பார்த்தாய். அது எங்கே இருந்தது? எந்தப் பக்கம் இருந்தது? உண்மையைச் சொல். எனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா அப்பாவுக்கு என் அன்பு.

ரேலின்


டல்ஹார்ட்
17 ஜூன்

அன்பு அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரொட்டி அமரிலோ தாண்டும் முன்பே காலி.

இவ்வளவு கவலைப்படுகிறாயே! உண்மையைச் சொல்லவேண்டுமானால் நீ அசத்திவிட்டாய். கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்தாய். நேராக என் நெஞ்சுக்கு. சரியாக மூன்றாவது பட்டனுக்கு. அப்படிப்பட்ட குறி! நான் அசையவே இல்லை. சாக்கைத் தொப்பி மாதிரி மெல்லத் தூக்கி, "மாலை வணக்கம், அம்மணி" என்றேன். அதற்குள் நீ அழ ஆரம்பித்துவிட்டதால் உனக்குக் கேட்டிருக்காது.

இந்தக் கதை இங்கே ஓஹோ என்று ஓடுகிறது. பேஸ்பால் திடலில் நான்கு தடவை சொல்லவைத்தார்கள். சாவை நேருக்கு நேர் பார்த்தவன் என்று எனக்கு இலவச ஐஸ்கிரீம். அப்பாவிடமும் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை முழங்காலுக்குக் கீழேதான்.

ஆக, பதினெட்டாவது ஆள் நீ. பட்டியல் நிறைவு. இமைக்காதவன் என்ற பட்டம் இப்போது அதிகாரபூர்வம்.

லெட்டி அம்மாள் எப்படி இருக்கிறாள்?

உன் அஞ்சா நெஞ்சன்,
டில்லன்


ஆல்பைன்
9 ஜூலை

அன்பு டில்லன்,

லெட்டி அம்மாள் வீடு திரும்பிவிட்டாள். நான் நலம்.

மூன்றாவது பட்டன் என்று எழுதியிருந்தாய். அந்த நீலச் சட்டையை ஞாயிற்றுக்கிழமை காலை நான்தான் இஸ்திரி போட்டேன். ஒவ்வொரு பட்டனாகப் போட்டு மடித்து உன் பையில் வைத்தேன். மூன்றாவது பட்டனை என் விரல் தொட்டிருக்கிறது. இந்த மூன்று வாரமாக எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

யாரென்று பார்க்காமல் என் கை என் தம்பியின் நெஞ்சுக்குக் குறி வைத்திருக்கிறது. இருபது தடவை, இருபது தடவையாக நான் பழகியதெல்லாம் அவ்வளவுதான் போலிருக்கிறது. அப்படிப்பட்ட கையில் அது இருக்கக் கூடாது. ரிவால்வரை ஹெஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் என்னென்னவோ கேட்டாள். "சரியா யோசிச்சுப் பாரு, அவன் மேலதான் குறி வெச்சியா?" என்றாள். எனக்கு நினைவில்லை, ஆனால் அவன் பார்த்திருக்கிறான் என்றேன். உறையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கார்லண்டின் வெள்ளைப் பிக்கப் வண்டி வாசலில் நின்றது. போனைச் சுவரில் செருகி ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஆள் வர நாற்பது நிமிடம். கார்லண்ட் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் போய்விட்டான். அவனுக்குத் தூரம் தெரியும். இது அம்மாவுக்கு வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ விளையாட்டுப் பிள்ளை. துப்பாக்கி வைத்திருந்தவள் நான்.

நன்றாகச் சாப்பிடு.

ரேலின்


டல்ஹார்ட்
12 ஜூலை, சனிக்கிழமை காலை

அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வராது. அப்பா கையில் வரும். வேலிக்கதவில் நின்று கூப்பிடுவார், பயப்படாதே. உன் கடிதம் வந்ததும் போன் செய்து பார்த்தோம், அடித்துக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மேசையில்தான் உன் கடிதத்தைப் படித்தேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, மூன்றாவது பட்டனில் என் குரல் நின்றுவிட்டது. அப்பா தாளை வாங்கி மீதியைப் படித்தார். மடித்து வைத்தார்.

"அவ பண்ணது சரிதான்" என்றார். "தம்பி மேலயே குறி வெச்சவ அத வெச்சுக்கக் கூடாது. நானே சொல்லியிருப்பேன்." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உறையில் உன் எழுத்தைப் பொறித்த அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெக்கலப்பா" என்றேன்.

"என்னது?"

"அவ என்மேல குறி வெக்கல."

"ஊரு பூரா வெச்சான்னு சொன்னியேடா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"கத நல்லா இருந்துச்சு."

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மாதான் எழுந்து என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், பாதிச் சாப்பாட்டோடு. அப்பா லாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "எழுது. நடந்தது நடந்தபடி. ஒரு வார்த்த கூட்டாத. எட்டு மணி நேர ரோடு, நான் கொண்டு போறேன்."

ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. முயல்கிறேன்.

நீ காரை நிறுத்தி இறங்கினாய். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. தொட்டிக்குப் பின்னால் என் கால் சரளையில் சறுக்கியது. நீ நின்றாய். "யாரது? பேர சொல்லு" என்றாய். நான் சாக்குக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மறுபடியும் "பேர சொல்லு" என்றாய். காருக்குப் பின்னால் நகர்ந்தாய், எஞ்சின் உனக்கும் எனக்கும் நடுவில் வரும்படி. மூன்றாவது தடவை, "எங்கிட்ட துப்பாக்கி இருக்கு. வெளிய வராத. பேர சொல்லு" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. மூன்று தடவை கேட்டாய் அக்கா. மூன்று தடவையும் எனக்குக் கேட்டது. என் பெயர் நான்கே எழுத்துதான். சொல்ல அரை நொடி ஆகாது. கதைக்காகச் சொல்லாமல் இருந்தேன்.

அப்புறம் கத்திக்கொண்டு குதித்து, காரைச் சுற்றி உன் முன்னால் வந்தேன்.

நீ எடுத்தாய். சாக்கின் கண் ஓட்டை வழியாக நான் பார்த்தது அது ஒன்றைத்தான், அதனால் நன்றாகத் தெரியும். குழாய் தரையைப் பார்த்தது. உன் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால், சரளையை. அது எழும்பவே இல்லை. என் நெஞ்சுக்கும் இல்லை, வயிற்றுக்கும் இல்லை, முழங்காலுக்கும் இல்லை. உன் விரல் விசைக்குள் இல்லை. பக்கவாட்டில் நீளமாக இருந்தது, சின்னப் பிள்ளைக்கு எழுத்தைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி. நீ என் தலையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாய், பிறகு காலைப் பார்த்தாய். நான் சாக்கைக் கழற்றும் முன்பே, "டில்லன்" என்றாய். கத்தவில்லை. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. என் பூட்ஸை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாய்.

பிறகு சட்டை நுனியை இடது கையால் விலக்கி, குனிந்து பார்த்து, மெதுவாக உறைக்குள் வைத்தாய். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாய். அதற்கப்புறம்தான் அழுதாய்.

உனக்கு ஞாபகம் இல்லை. உன் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பார்க்காமல் குறி வைத்தவள் இல்லை நீ. பார்த்தாய். பார்த்ததால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மே மாதம் எனக்கு எழுதினாய், விளையாடாதே என்று. படித்தேன். மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். உன் கடிதம் அவ்வளவு சின்னதாக வந்ததே, உன்னைச் சிரிக்க வைக்கவேண்டும் என்றுதான் வந்தேன். அது காரணமே தவிர, மன்னிப்பு இல்லை.

ஹெஸ்டரிடம் போய் அதை வாங்கிக்கொள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்டு. உரக்கப் படிக்கச் சொன்னாலும் சரி. திங்கட்கிழமை பேஸ்பால் திடலுக்குப் போய் இதையே சொல்லப்போகிறேன். ஐஸ்கிரீமை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

அப்பா ஹாரன் அடிக்கிறார். அம்மா ஒரு பெட்டி நிறையச் சமைத்து வைத்திருக்கிறாள், எதுவும் கரியவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
டில்லன்

பி.கு.: "மாலை வணக்கம், அம்மணி" என்று நான் சொல்லவில்லை. "அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன், அதுவும் நீ அழ ஆரம்பித்த பிறகு, தரையில் குப்புற விழுந்து, கள்ளிச்செடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. அன்று என் பேன்ட் ஏன் நனைந்திருக்கிறது என்று நீ கேட்பதற்குள், நாய்க்கு வைத்த தண்ணீர்ச் சட்டியைத் தட்டிவிட்டேன் என்றேன். உன்னிடம் நாய் இல்லை. நீ உள்ளே போய், பூப்போட்ட உன் பைஜாமாவை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாய்.